பிலோமி வீட்டு ஏடன் பூ

பிலோமிக்குப் பயம் அதிகம். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. முத்துக்குளிக்கிறவன் மகளாகப் பிறந்தும் கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கமாட்டாள். கிணற்றை எட்டிப் பார்க்கமாட்டாள். அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலில் இன்னொரு தரம் தண்ணீர் தெளிப்பாள். "பிலோமி செத்தாலும் பயத்துலதான் சாவா. வேற சீக்கு அவகிட்ட வரப் பயப்படும்" என்று எதிர்வீட்டு ஜெபகனி கடைப்பலகையில் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பாள்.

சிறுமியாய் இருந்தபோது ஒரு சலாபத்தில் அந்தப் பயம் அவளைப் பிடித்தது. முத்துக்குளிப்புக் காலத்தைத் தூத்துக்குடியில் சலாபம் என்பார்கள். ஒருநாள் அவள் அப்பா காதிலும் மூக்கிலும் ரத்தம் வடிய வள்ளத்திலிருந்து இறங்கினார். வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில், அவர் ரத்தம் துப்புகிற சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பிலோமிதான். ஒரு மத்தியானம் அவர் கண்ணைத் திறந்து, "இப்ப தேவல, மக்களே" என்றார். அவள் சட்டியைக் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது மூச்சு இல்லை. அதற்குப் பிறகு யார் வாயிலிருந்து "தேவல" என்ற சொல் வந்தாலும் அவள் கண் அவர்கள் நெஞ்சுக்குப் போகும்.

அந்தப் பயம்தான் பின்னாளில் அவளுக்குச் சோறு போட்டது. கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு மருந்துச்சாலையில் ஆயாவாகச் சேர்ந்தாள். மற்ற ஆயாக்கள் நோயாளி கண்ணயர்ந்தால் தாங்களும் சுவரில் சாய்வார்கள். பிலோமி சாயமாட்டாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அதைக் கவனித்த மதர் அவளுக்கு நாடி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவளிடம் கடிகாரம் கிடையாது. அதனால் மணிக்கட்டில் விரலை வைத்து, ஜெபமாலையில் வருகிற பிரியதத்தத்தை மனசுக்குள் நிதானமாகச் சொல்வாள். ஒரு பிரியதத்தம் முடிவதற்குள் நாடி இருபதைத் தாண்டினால் கவலையில்லை. நிதானம் தவறினால் கணக்கும் தவறும். ஆகவே மருந்துச்சாலைக்குள் மட்டும் அவள் தன் பயத்தை வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரிக் கழற்றி வைக்கப் பழகியிருந்தாள்.

புருஷன் அம்புரோஸ் சரக்குக் கப்பலில் கலாசி. அவன் தங்கை மெட்டில்டாவின் புருஷன் பர்னபாஸுக்கும் அதே கப்பலில்தான் வேலை. சண்டைக் காலம். கப்பல் எங்கே போகிறது, எப்போது வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாற்பத்துமூன்றாம் வருஷம் ஆகஸ்டில் அம்புரோஸ் வந்தபோது, சாக்குத் துண்டில் சுற்றிய எதையோ வெளிமுற்றத்தில் வைத்தான்.

பிலோமி தள்ளி நின்று பார்த்தாள். "என்னது இது? கிழங்குக்குக் கை முளைச்ச மாதிரி."

"ஏடன்ல புடுங்கினது. அந்த ஊரே ஒரு எரிமலையோட வாய்க்குள்ள இருக்கு பிலோமி. மலை எப்பவோ அவிஞ்சு போச்சு, வாய மட்டும் மூடல. அதுக்குள்ளதான் தெரு, கடை, பள்ளிவாசல் எல்லாம்."

"திரும்ப எரிஞ்சா?"

"நீ இதத்தான் கேப்பேன்னு பர்னபாஸ்கிட்ட கப்பல்லயே சொன்னேன்."

அவன் சொல்லச் சொல்ல அவள் கேட்டாள். சுற்றிலும் கறுத்த பாறை. வெயிலில் கை வைத்தால் பொத்துப்போகும். ஒரு மழை விழுந்தால் அந்தச் சாம்பல் மண்ணில் பேர் தெரியாத பொடிப் பூக்கள் மஞ்சளும் வெள்ளையுமாய் எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகிவிடும். இது மட்டும் கருகாது. பாறை வெடிப்பில் பானை மாதிரி உப்பிய அடித்தண்டு, இலையே இல்லாத கொம்புகள், கொம்பு நுனியில் ரோஸ் நிறப் பூ. புல் பூண்டு இல்லாத இடத்தில் இது ஒன்று நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் விட்டுவர மனசு வரவில்லையாம்.

"நான் புடுங்கயில ஆடு மேய்க்கிற கிழவன் ஒருத்தன் ஓடி வந்தான். ரெண்டு கையையும் தேய்ச்சுத் தேய்ச்சுக் காட்டுதான். வாயத் தொட்டுக் காட்டுதான். பொறவு வானத்தக் காட்டுதான். தொழுகைக்கு முந்தி ஒளு செய்யுவாங்கல்லா, கை வாய் கழுவி, அதுக்குத்தான் கூப்பிடுதான்னு நினைச்சேன். நான் வேதக்காரன்னு சிலுவை வரைஞ்சு காட்டினேன். தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

இருவரும் சிரித்தார்கள்.

ஒரு தகர டின்னில் ஊருக்கு வெளியே இருந்த தேரிச் செம்மணலும் உடைந்த முருகைக்கல் துண்டுகளும் போட்டு அதை நட்டார்கள். நடும்போது ஒரு கொம்பு முறிந்து வெள்ளைப் பால் வடிந்தது. பக்கத்து வீட்டு ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. ஆடு எருக்கை விட்டு விலகும், அரளியை விட்டு விலகும். பிலோமி அதைக் கண்டுகொண்டாள். டின்னை மதில்மேல் தூக்கி வைத்தாள். அத்தோடு அதை மறந்தும் போனாள். அம்புரோஸ் திரும்பவும் கப்பலேறினான்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. மே மாதம் மாதாவுக்கு வணக்க மாதம். தினம் சாயங்காலம் தெருமுனையில் மாதா சுரூபம் இருக்கிற கெபியில் பூ வைத்து ஜெபம் சொல்லவேண்டும். ஊரில் பூ இல்லை. சந்தைக்கு வந்த கொஞ்சமும் கருகி வந்தது. அந்த வெயிலில்தான் மதில்மேல் இருந்த எரிமலைச் செடி கொம்புக்குக் கொம்பு பூத்தது. பெண்கள் வந்து கேட்டார்கள். மாதாவுக்கு இல்லை என்று சொல்ல பிலோமிக்கு வாய் வரவில்லை. தானே பறித்து, காம்பைச் சாம்பலில் ஒற்றிக் கொடுத்தாள்.

ஜெபகனி கத்தோலிக்கப் பெண் இல்லை. மளிகைக்கடைக்காரர் மனைவி. புராட்டஸ்டண்டு சபைகளில் எஸ்.பி.ஜி. பெரிதா, சி.எம்.எஸ். பெரிதா என்று அவளோடு யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. தினம் காலையில் வேதப்புத்தகம் வாசித்துவிட்டுத்தான் கடைப்பலகை எடுப்பாள்.

"உங்க மாதாவுக்கு நாங்க பூ வைக்கதில்ல. ஆனா பூ நல்லாருக்கு. எந்த ஊருப் பூ ளா?"

"ஏடன்."

"ஏதேனா?"

"ஏடன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஆதாமும் ஏவாளும் இருந்த எடம். எங்க வேதத்துல முதப் பக்கத்துலயே இருக்கு. நீங்கதான் பொஸ்தகத்தப் பெட்டியில வச்சுப் பூட்டுத ஆளாச்சே."

"அது கிழக்கன்னுல்லா சொல்லுவாங்க. ஏடன் மேக்க இருக்கு."

"பாம்புக்குப் பயந்து எடம் மாத்தியிருப்பாங்க" என்றாள் ஜெபகனி. கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகும்போது சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துப் போனார்கள். ஏதேன் தோட்டத்துப் பூ. கெபியில் வைத்த பூவைக் காலையில் காணோம். தலையணைக்கடியில் ஒருத்தி வைத்தாள். ஜெபமாலைப் பெட்டியில் ஒருத்தி உலர்த்தினாள். பிலோமி இரண்டொரு தரம் "ஏதேன் இல்ல, ஏடன்" என்று திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணத்தான் இதுவரை தெரு அவள் வாசலுக்கு வந்திருந்தது. இப்போது மரியாதையோடு வந்து நின்று பூ கேட்டது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த மாதத் தொடக்கத்தில் மெட்டில்டா தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். அம்மா இல்லாத பெண். அண்ணன் வீடுதான் அம்மா வீடு. அவளுடைய அக்கா இதே வீட்டில், இதே அறையில், பிள்ளை வராமல் செத்துப்போனவள். அதை யாரும் பேசுவதில்லை. பேசாததால் அது அந்த அறையை விட்டுப் போகவுமில்லை. மெட்டில்டா கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். கிண்ணம் நடுங்கும்.

ஒருநாள் கேட்டாள். "மைனி, நோவோட பெறணும்னு ஏவாளுக்குச் சாபம் கெடச்சதும், தோட்டத்த விட்டுத் தொரத்திட்டாங்கல்லா?"

"ஆமா."

"அப்ப இந்தப் பூவுக்கு அந்தச் சாபம் தெரியாது."

பிலோமி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் மெட்டில்டாவின் கையில் இருந்த கிண்ணம் நடுங்கவில்லை. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நடுங்கவில்லை. "மாதாவ நினைச்சுக்க. எல்லாம் லேசா நடக்கும்" என்று மட்டும் சொன்னாள். அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. மெட்டில்டா அதை ஆமா என்று எடுத்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், கோயிலில் மூன்று வேளையும் அடிக்கிற திரிகால மணி ஓய்ந்த நேரம், பிலோமி மருந்துச்சாலையிலிருந்து கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்தாள். மெட்டில்டா முற்றத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?"

"இப்பத்தான். நோவு எடுக்கும்போல மைனி. வயிறு பெரட்டுது."

பிரசவம் தொடங்கும்போது சிலருக்கு வாந்தி வரும். பிலோமி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே பழக்கத்தில் மணிக்கட்டைத் தொட்டாள். பிரியதத்தம் சொல்லத் தொடங்கினாள். நோவு எடுக்கிற பெண்ணுக்கு நாடி குதிரை மாதிரி ஓடவேண்டும். இது ஓடவில்லை. ஒரு அடி வைத்தது. யோசித்தது. இன்னொரு அடி வைத்தது. இடையில் ஒன்றை விட்டுவிட்டது.

இந்த நடையை அவள் விரல் முன்பே பார்த்திருந்தது. அரளிவிதை அரைத்துக் குடித்துவிட்டு மருந்துச்சாலைக்குத் தூக்கிவரப்படும் பெண்களிடம். பேசிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் கேட்பார்கள். அம்மாவைக் கூப்பிடச் சொல்வார்கள். நாடி மட்டும் தடுக்கித் தடுக்கி நடந்து, ஒரு இடத்தில் நின்றுவிடும்.

பிலோமி மதிலைப் பார்த்தாள். டின் கீழே இருந்தது. பூக்கள் இல்லை. உப்பிய அடித்தண்டில் அரிவாள்மணையால் ஒரு சீவல் எடுத்திருந்தது. வெட்டிய இடத்தில் பால் கட்டி நின்றது. அம்மிக்கல் ரோஸாக இருந்தது.

கையைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டினான் அந்தக் கிழவன். வாயைத் தொட்டான். வானத்தைக் காட்டினான். தொழக் கூப்பிடவில்லை அவன். கையைக் கழுவு, வாயில் வைக்காதே, வைத்தால் மேலே போய்விடுவாய் என்று சொல்லியிருக்கிறான்.

"ஏளா, பூ மட்டுமா, தண்டுமா?"

மெட்டில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் ஏசமாட்டேன். அடிக்கமாட்டேன். எவ்வளவுன்னு மட்டும் சொல்லு."

"பூ போதாதுன்னு கொஞ்சம் கிழங்கயும் சீவினேன். வேகவச்சு ஒரு தம்ளர் குடிச்சேன். கசந்துச்சு. மிச்சத்தக் கொட்டிட்டேன்."

வாசலில் ஜெபகனி நின்றுகொண்டிருந்தாள். "எங்கிட்டத்தான் கருப்பட்டி வாங்கிட்டு வந்தா. ஏதேன் பூக் கசாயம்னா. நல்லதுதானேன்னு..." பிலோமியின் முகத்தைப் பார்த்ததும் முற்றத்துக்குள் வந்தாள்.

"ஒங்க வீட்டு அண்ணாச்சிய சைக்கிள்ல மதர்கிட்ட அனுப்பு. அரளி குடிச்சிருக்கான்னு சொல்லச் சொல்லு. பிரசவ நேரம்னும் சொல்லச் சொல்லு. வரும்போது செரட்டக் கரி அரைச்சுக் கொண்டா. இந்த அம்மியில வேண்டாம். ஒன் வீட்டு அம்மியில. கைய நல்லா கழுவிட்டு அரை."

மெட்டில்டாவை இடப்பக்கமாய்ச் சரித்துப் படுக்க வைத்தாள். எழுந்திருக்க விடவில்லை. கை, வாய், நகக்கண் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினாள். கரித்தண்ணீர் வந்ததும் ஊட்டினாள். பாதி வெளியே வந்தது. மறுபடி ஊட்டினாள். செய்வதற்கு வேலை இருக்கிறவரை பயம் வெளியே நின்றது. வேலை தீர்ந்து நாடியில் விரலை வைத்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

பிரியதத்தம் சொல்ல முடியவில்லை. அவள் நெஞ்சு அடித்த அடியில் ஜெபமும் சேர்ந்து ஓடியது. பாதியில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கணக்கு கிடைக்கவில்லை. நாடி இறங்குகிறதா, தன் வாய் வேகமாய்ப் போகிறதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாய் வாசலில் கழற்றி வைத்த செருப்பு இன்றைக்குக் காலோடு வந்துவிட்டது.

"ஜெபகனி, ஒனக்குத் தூக்கத்துலயும் தெரிஞ்ச ஜெபம் ஒண்ணு சொல்லு."

"பரமண்டல ஜெபம் சொல்லட்டா?"

"எதுன்னாலும் சரி. வேகம் கூட்டாத. கொறைக்காத. முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து. என் மூஞ்சியப் பாக்காத, சுவரப் பாத்துச் சொல்லு."

ஜெபகனி சுவரைப் பார்த்துச் சொன்னாள். தினம் காலையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். கடையில் அரிசி அளக்கிற மாதிரி ஒரே அளவு. அந்த அளவுக்குள் பிலோமி நாடியை எண்ணினாள். இருபதைத் தொடவில்லை. அடுத்த தரம் அதிலிருந்தும் இரண்டு குறைந்தது. அடுத்த தரம் அதே. வெயில் முற்றத்தைக் கடந்து சுவரில் ஏறியது. நோவு எடுக்கத் தொடங்கியது.

மதர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். நாடியைப் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றில் மரக்குழலை வைத்துக் கேட்டார். பிள்ளையின் துடிப்பு இருந்தது. "இதற்கு மாற்று மருந்து கிடையாது பிலோமி. ஊசி ஒன்று இருக்கிறது. இதயத்தைக் கொஞ்சம் விரட்டும். அதிகம் விரட்டினால் அதுவும் ஆபத்து. நாடி இன்னும் விழுந்தால் போடுகிறேன். நீ விரலை எடுக்காதே" என்றார். பையிலிருந்த கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்தார். ஆனாலும் ஜெபகனியை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் குரலில் மெட்டில்டா அடங்கிக் கிடப்பது அவருக்கும் தெரிந்தது.

சாயங்காலம் நெருங்கும்போது வாந்தி நின்றது. நோவும் நின்றது. மெட்டில்டாவின் முகம் தெளிந்தது. பிலோமியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப தேவல மைனி. நோவே இல்ல. பூ வேலை செய்யுது பாத்தியா."

பிலோமியின் விரலுக்கடியில் ஒரு அடி விழுந்தது. ஜெபகனி "எங்களுக்கு" என்றாள். அடுத்த அடி வரவில்லை. "இன்று" என்றாள். வரவில்லை. பிறகு வந்தது, மிகத் தூரத்திலிருந்து யாரோ கதவைத் தட்டுவது மாதிரி.

"மதர், விழுது" என்றாள் பிலோமி.

மதர் ஊசியைப் போட்டார். மெட்டில்டாவின் கண் மேலே செருகியது. பிலோமி அவள் கன்னத்தைத் தட்டினாள். "ஏளா, கண்ண மூடாத. என்னப் பாரு. அது ஏதேன் பூ இல்ல. அது ஏடன்ல எரிமலையில மொளச்ச அரளி. ஒனக்கு நோவு வரும். நல்லா வரும். வரணும். கேக்கா?" மெட்டில்டா கேட்டாளோ என்னவோ, கண் திரும்பி வந்தது. அதில் இருந்தது பழைய பயம்தான். செருகிய கண்ணுக்கு அது எவ்வளவோ மேல் என்று பிலோமி நினைத்தாள். விரலுக்கடியில் ஒரு அடி. ஒன்று விட்டு ஒன்று. பிறகு விடாமல் நாலைந்து.

கொஞ்ச நேரத்தில் நோவு திரும்ப எடுத்தது. மெட்டில்டா பல்லைக் கடித்து, பிலோமியின் முழங்கையில் நகம் பதியப் பிடித்து, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். அக்கா கத்தியதைக் கேட்டிருந்த பெண்கள் சிலர் வெளியே சிலுவை வரைந்துகொண்டார்கள். உள்ளே பிலோமி நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். கத்துகிற பெண்ணுக்கு ஓடவேண்டிய மாதிரி அது ஓடத் தொடங்கியிருந்தது.

அந்தித் திரிகால மணி அடிக்கும்போது பிள்ளை வந்தது. பெண். நீலம் பாரித்து, சத்தமில்லாமல். மதர் காலைப் பிடித்துத் தூக்கி, வாயைத் துடைத்து, முதுகில் தேய்த்தார். வெகு நேரம் தேய்த்தார். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஜெபகனி அதுவரை சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தொண்டை கம்மிப்போயிருந்தது.

"இனி நிறுத்தலாமா ளா?"

"விடிய மட்டும் சொல்லு" என்றாள் பிலோமி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அரளி குடித்தவர்கள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகும் போயிருக்கிறார்கள். அது பிலோமிக்குத் தெரியும். அதனால் பிள்ளைக்குப் பேர் வைக்க வந்தவர்களை உள்ளே விடவில்லை. மெட்டில்டா "தேவல" என்று சொன்ன ஒவ்வொரு தரமும் விரலை மணிக்கட்டில் வைத்தாள். நாடி ஒரு தடுக்கலும் இல்லாமல் ஓடிய பிறகும் ரொம்ப நாள் வைத்தாள். "மைனி, கைய விடு, பால் குடுக்கணும்" என்று மெட்டில்டா எரிச்சலோடு சொன்ன அன்றைக்குத்தான் விட்டாள்.

தெருவில் ஜெபகனி ஒரு வேலை செய்தாள். ஏதேன் பூ என்று பரப்பிய வாயாலேயே வீடு வீடாய்ப் போய், "அது எரிமலை அரளி" என்றாள். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் அரளி என்ற ஒரு சொல் போதும். எல்லார் வீட்டுக் கொல்லையிலும் அது பூக்கிறது, எல்லார் குடும்பத்திலும் அதை அரைத்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். தலையணைக்கடியில் வைத்தவர்களும் ஜெபமாலைப் பெட்டியில் உலர்த்தியவர்களும் இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுவந்து பிலோமி வாசலில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

செடியை என்ன செய்வது என்று பிலோமி யோசித்தாள். எரித்தால் புகை. குப்பையில் போட்டால் பிள்ளைகள். தேரியில் கொண்டுபோய்ப் புதைக்கலாம் என்றார் ஜெபகனி வீட்டு அண்ணாச்சி. எரிமலையில் முளைத்தது தேரியில் முளைக்காதா என்று கேட்டாள் பிலோமி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது பூத்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பை அவளால் தாங்கமுடியவில்லை. டின்னை மதில்மேலேயே வைத்து, சுற்றி உடைமரத்து முள் வெட்டி வந்து கட்டினாள். வீட்டுக்குள் போகும்போது ஒரு தரம் பார்ப்பாள், வெளியே வரும்போது ஒரு தரம் பார்ப்பாள்.

பிள்ளை தவழத் தொடங்கிய சமயத்தில் அம்புரோஸும் பர்னபாஸும் வந்தார்கள். பர்னபாஸ் நேரே உள்ளே ஓடினான். அம்புரோஸ் முற்றத்தில் நின்று முள்ளுக்குள் இருந்த செடியைப் பார்த்தான்.

"எதுக்கு இதச் செயில்ல போட்டிருக்க? பூத்துச்சா, இல்லியா?" கேட்டுக்கொண்டே முள்ளை விலக்கி ஒரு கொம்பை நிமிர்த்தினான். பிறகு திரும்பி, தன்னை நோக்கித் தவழ்ந்து வந்த மருமகளைத் தூக்கக் குனிந்தான்.

பிலோமி குழந்தைக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள். வாயைத் தொட்டுக் காட்டினாள். வானத்தைக் காட்டினாள்.

அம்புரோஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகக் கரைந்தது. தொட்டியடிக்குப் போய்க் கையைக் கழுவத் தொடங்கினான்.

"சோப்புப் போடு" என்றாள் பிலோமி.